தெர்மோஸ்டாட்டைக் கழற்றச் சொல்கிறார்களா? கொஞ்சம் பொறுங்கள்

“நம்மூரு சூட்டுக்கு தெர்மோஸ்டாட்டெல்லாம் வேண்டியதில்லீங்க சார். அது குளிர் தேசத்துக்காரன் வைக்கிறது. எடுத்துப் போட்டுட்டா வண்டி ஜில்லுன்னு ஓடும்.”

கோவையில் பழைய கார் வைத்திருப்பவர்கள் இந்தப் பேச்சை எங்காவது ஒரு ஒர்க்‌ஷாப்பில் கேட்டிருப்பார்கள். சேலத்திலும் மதுரையிலும் வார்த்தை கொஞ்சம் மாறும், விஷயம் இதேதான். சொல்பவர்கள் ஏமாற்றுவதற்காகச் சொல்வதில்லை, உண்மையாகவே நம்பித்தான் சொல்கிறார்கள். ஆனால் அது தவறு என்பதை என் வண்டியிலேயே பார்த்தேன். இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவத்தை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வுதான் தெர்மோஸ்டாட். அதன் வேலை எது, எது அதன் வேலை இல்லை என்பது பிடிபட்டுவிட்டால், எதை மாற்றலாம், எதில் கை வைக்கக் கூடாது என்று நாமே முடிவு செய்துகொள்ளலாம். அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என்னுடையது 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக். டேஷ்போர்டில் டெம்பரேச்சர் முள் கிடையாது. இன்ஜின் குளிர்ந்திருந்தால் ஒரு நீல விளக்கு, அளவுக்கு மீறிச் சூடானால் ஒரு சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். இங்கே ஓடும் சின்ன கார்களில் பலவும் இப்படித்தான். இரண்டு விளக்குக்கும் நடுவில் இன்ஜின் 65 டிகிரியில் ஓடுகிறதா 105 டிகிரியில் ஓடுகிறதா என்று ஓட்டுபவருக்குத் தெரிய வழியில்லை.

முதலில் மைலேஜ்தான் காட்டிக்கொடுத்தது. ஊருக்குள் லிட்டருக்கு 15 கொடுத்துக்கொண்டிருந்த வண்டி 12-க்கு வந்து நின்றது. ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், டயர் காற்று எல்லாம் சரியாகத்தான் இருந்தன. காலையில் ஸ்டார்ட் செய்தால் ஐடிலிங் இறங்க வெகுநேரம் ஆனது. ஏசி போடாத நேரத்தில் ரேடியேட்டர் ஃபேன் ஓடும் சத்தமே அபூர்வமாகிவிட்டது. இந்த மூன்றும் சேர்ந்து ஒரே இடத்தைத்தான் கைகாட்டுகின்றன. ஆனால் சமவெளியில் அது யார் கண்ணிலும் படுவதில்லை. வண்டி ஹீட் ஆகவில்லை, நடுரோட்டில் நிற்கவில்லை, அப்புறம் யார் பானெட்டைத் திறந்து பார்க்கப்போகிறார்கள்?

டிசம்பரில் ஊட்டிக்குப் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அதிகாலைக் குளிரில் ஹீட்டரைப் போட்டால் வெதுவெதுப்பாகக்கூட காற்று வரவில்லை. கார் ஹீட்டருக்குத் தனியாக அடுப்பு எதுவும் இல்லை. இன்ஜினைச் சுற்றி வரும் கூலன்ட்டின் சூட்டைத்தான் அது வாங்கி உள்ளே அனுப்புகிறது. ஹீட்டர் சுடவில்லை என்றால் கூலன்ட் சுடவில்லை என்று அர்த்தம், அல்லது கூலன்ட் ஹீட்டர் வரைக்கும் வந்து சேரவில்லை. கூலன்ட் டேங்கில் அளவு சரியாக இருந்தது. அன்று கோத்தகிரி வழியாக இறங்கும்போது, இரண்டாவது கியரில் இன்ஜின் பிரேக்கிங்கில் வந்துகொண்டிருந்த ஒரு நீண்ட சரிவில், அணைந்துபோயிருந்த நீல விளக்கு மறுபடி எரிந்தது. ஊட்டியிலிருந்து ஓடிவந்துகொண்டிருக்கும் இன்ஜினில் ‘இன்னும் சூடாகவில்லை’ என்ற விளக்கு. தெர்மோஸ்டாட் ஒழுங்காக மூடிக்கொள்ளும் வண்டியில் இது நடக்கவே கூடாது.

ஏன் என்று சொல்கிறேன். இன்ஜினில் எரியும் பெட்ரோலின் சக்தியில் அதிகம் போனால் மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுற்றப் போகிறது. ஒரு பங்கு சைலன்சர் வழியாகச் சூடாக வெளியேறுகிறது. மிச்சத்தின் பெரும்பகுதியைக் கூலன்ட் சுமக்கிறது. அதை ரேடியேட்டருக்கு எப்போது அனுப்புவது, எவ்வளவு அனுப்புவது என்று தீர்மானிக்கும் கதவுதான் தெர்மோஸ்டாட். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது கதவு மூடியிருக்கும். கூலன்ட் இன்ஜினுக்குள்ளும் ஹீட்டர் பக்கமும் மட்டும் சின்ன வட்டமாகச் சுற்றி, சீக்கிரம் சூடேறும். என் வண்டியில் உள்ளதுபோல் 82 என்று முத்திரை குத்திய வால்வு 82 டிகிரியில் திறக்கத் தொடங்கும், 95 வாக்கில் முழுதாகத் திறந்துவிடும். சரிவில் இறங்கும்போது பெட்ரோல் ஊற்றப்படுவதில்லை, உள்ளே புதிதாகச் சூடு உண்டாவதில்லை. நல்ல தெர்மோஸ்டாட்டாக இருந்தால் அந்த நேரம் கதவைச் சாத்திவிட்டு இருக்கிற சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். என் வண்டியில் கதவு சாத்தவே இல்லை, மலைக்காற்று ரேடியேட்டரில் அடித்து எல்லாச் சூட்டையும் வாங்கிக்கொண்டு போனது.

இந்தக் கதவைத் திறப்பதற்கு மின்சாரமோ கம்ப்யூட்டரோ வேண்டியதில்லை. சின்னப் பித்தளைக் குப்பிக்குள் மெழுகு இருக்கிறது, சூடு சீக்கிரம் பரவ அதில் செம்புத் தூளையும் கலந்திருப்பார்கள். மெழுகு உருகும்போது விரிந்து ஒரு கம்பியைத் தள்ளும், வால்வு திறக்கும். ஆறினால் சுருங்கும், ஸ்பிரிங் வால்வை இழுத்துச் சாத்தும். 1930-களில் செர்ஜியஸ் வெர்னே என்பவர் உருவாக்கிய ஏற்பாடு இது. இன்றைக்கும் பெரும்பாலான கார்களில் இதுவே ஓடுகிறது.

சரி, சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் சந்தேகத்தை வைத்துப் பாகம் மாற்றக் கூடாது. ஹீட்டர் சுடாததற்கு வேறு காரணங்கள் இருக்கலாம், சென்சாரே பொய் சொல்லலாம். இன்ஜின் கம்ப்யூட்டர் படிக்கும் எண்களைப் போனுக்கு அனுப்பும் புளூடூத் ஓபிடி டாங்கிள் ஒன்றைச் சொருகி, போனில் அளவுகளைப் பார்க்க ஆரம்பித்தேன். இரவு முழுக்க நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்வதற்கு முன், கூலன்ட் சென்சாரும் உள்ளிழுக்கும் காற்றின் சென்சாரும் கிட்டத்தட்ட ஒரே அளவைக் காட்ட வேண்டும். எல்லாமே ஒரே குளிரில்தானே நின்றிருக்கின்றன. என் வண்டியில் ஒன்று 24, இன்னொன்று 25. சென்சார் நம்பத் தகுந்ததுதான் என்று தெரிந்துகொள்ள இதைவிடச் சுலபமான வழி இல்லை.

அப்புறம் ஓட்டிப் பார்த்தது. நீலம்பூர் பைபாஸில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால் கூலன்ட் 66, 67 டிகிரியில் நின்றது. வேகத்தைக் குறைத்தால் ஏறியது. லட்சுமி மில்ஸ் சிக்னலில் நின்றால் மெல்ல மெல்ல 80-ஐத் தாண்டியது. பச்சை விழுந்து வண்டி கிளம்பிக் காற்று அடிக்க ஆரம்பித்ததும் எண் மறுபடி இறங்கியது. இந்த ஒரு நடத்தை போதும். தெர்மோஸ்டாட் சரியாக இருந்தால், சூடான இன்ஜினின் வெப்பம் வேகத்தைப் பொறுத்து இப்படி ஆடாது. ஸ்கேனரில் பி0128 என்ற பிழைக் குறியீடும் ஏறியிருந்தது. கூலன்ட் வெப்பம் தெர்மோஸ்டாட் காக்க வேண்டிய அளவுக்குக் கீழே இருக்கிறது என்பதற்கான குறியீடு அது. செக் இன்ஜின் விளக்கு எரியும் அளவுக்கு இன்னும் வராமல் நினைவகத்தில் மட்டும் காத்துக்கொண்டிருந்தது.

நல்ல தெர்மோஸ்டாட்டின் வரைபடம் எப்படி இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்காது. ஸ்டார்ட் செய்ததிலிருந்து எண் சீராக ஏறும். 80-களின் நடுவில் வந்ததும் சட்டென்று நின்று, இரண்டு மூன்று டிகிரி கீழே விழும். கதவு திறந்து, ரேடியேட்டரில் குளிர்ந்து நின்ற கூலன்ட் முதல் தடவையாக உள்ளே நுழையும் கணம் அது. பிறகு மறுபடி ஏறி நிலைக்கும். என் வண்டியின் வரைபடத்தில் அந்த விழுதலே இல்லை. கோடு சோம்பலாக ஏறி 65 பக்கம் படுத்துக்கொண்டது.

வண்டி ஹீட் ஆகிறது என்று வருபவர்களுக்கும் இதே முறை உதவும். நெடுஞ்சாலையில் நன்றாக இருந்து டிராஃபிக்கில் மட்டும் சூடேறினால் முதலில் ஃபேனைப் பாருங்கள்: மோட்டார், ரிலே, ஃபியூஸ். டிராஃபிக்கில் சரியாக இருந்து, வேகமாகப் போகும்போதோ மலையேறும்போதோ சூடேறினால் ரேடியேட்டரில் அடைப்பு, அல்லது வாட்டர் பம்ப் வேலை செய்யவில்லை. ஸ்டார்ட் செய்து கொஞ்ச தூரத்திலேயே மடமடவென்று ஏறி, ரேடியேட்டரின் ஒரு பக்க ஹோஸ் கொதித்து மறுபக்க ஹோஸ் பச்சைத் தண்ணீராக இருந்தால் தெர்மோஸ்டாட் மூடியபடி மாட்டிக்கொண்டது என்று பெரும்பாலும் சொல்லலாம். இதில் ஆபத்து அதிகம். இன்ஜினின் மேல்பாகமான அலுமினிய ஹெட் வளைந்து, அதன் அடியில் கசியாமல் அடைத்திருக்கும் ஹெட் கேஸ்கெட் போய், கடைசியில் ஹெட்டையே இறக்க வேண்டிவரும். அந்த நேரத்தில் வண்டியை ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்துவதைத் தவிர வேறு எதுவும் செய்யாதீர்கள். முக்கியமாக, ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். மூடி 0.9 பார் அழுத்தத்தில் கூலன்ட்டை உள்ளே பிடித்து வைத்திருப்பதால்தான் 110 டிகிரியிலும் அது கொதிக்காமல் இருக்கிறது. திறந்த கணத்தில் அத்தனையும் பொங்கி முகத்தில் அடிக்கும்.

இப்போது ஒர்க்‌ஷாப். நான் போகும் மெக்கானிக் அண்ணா கைதேர்ந்தவர். இன்ஜின் சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் என்று சொல்வார். வரைபடத்தைப் பார்த்ததும் “வால்வு ஓப்பன்ல மாட்டிருச்சுங்க சார்” என்று சரியாகச் சொன்னார். அடுத்த வார்த்தை, “அப்படியே எடுத்துரலாம்ங்களா?” என்பதுதான்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பதை அவரிடமே பேசித் தெரிந்துகொண்டேன். இந்தப் பதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அவர் தொழில் கற்றது அம்பாசிடரும் டீசல் வேன்களும் ஓடிய காலத்தில். அன்றைக்கு ரேடியேட்டரில் ஊற்றியது போர் தண்ணீர். கொங்குப் பகுதியின் போர் தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று வீட்டில் கீசர் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். அந்தத் தண்ணீர் இன்ஜினுக்குள் கொதித்துக் கொதித்து ஓடும்போது சுண்ணாம்புப் படிவம் தெர்மோஸ்டாட்டில் ஏறும், இரும்பு பிளாக்கின் துருவும் அதோடு சேரும். ஒருநாள் வால்வு மூடியபடி இறுகிவிடும். வண்டி பாதி மலையில் ஆவி கக்கி நிற்கும். வால்வை எடுத்துப் போட்டால் வண்டி மலையேறிவிடும். வண்டி ஓடினால்தான் அன்றைய சோறு என்று இருந்த டிரைவருக்கு அது நியாயமான வைத்தியம். ஆக அங்கே குற்றவாளி தண்ணீர், தண்டனை தெர்மோஸ்டாட்டுக்கு. தண்ணீர் போய் கூலன்ட் வந்துவிட்டது, பழக்கம் மட்டும் தங்கிவிட்டது.

வால்வைக் கழற்றியபோது இதே கதை என் வண்டியிலும் எழுதியிருந்தது. எனக்கு முன் வைத்திருந்தவர் எப்போதோ சாதாரணத் தண்ணீர் ஊற்றியிருக்க வேண்டும். வால்வு உட்காரும் கூடான ஹவுசிங்கின் உள்வாயில் பழுப்பு நிறப் படலம். வால்வுத் தட்டு உட்காரும் விளிம்பில், ஒரு பக்கம் மட்டும், வெள்ளையாகச் சொரசொரப்பு. நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்ந்தது. வால்வை ட்யூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால் தட்டுக்கும் விளிம்புக்கும் நடுவே பிறை வடிவில் வெளிச்சம் தெரிந்தது. ரப்பர் வளையம் பிளாஸ்டிக் மாதிரி இறுகியிருந்தது. அந்தப் பிறை அளவு இடுக்கு வழியாகத்தான் என் பெட்ரோல் போய்க்கொண்டிருந்தது.

புதிய வால்வை மாட்டுவதற்கு முன் பாத்திரத்தில் போட்டுச் சோதித்தே மாட்ட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சந்தையில் டூப்ளிகேட் ஏராளம். செய்முறை எளிது. வால்வைக் கையால் லேசாகத் திறந்து, இடுக்கில் ஒரு நூலை வைத்து மூடினால் நூலைக் கவ்விக்கொள்ளும். அந்த நூலிலேயே வால்வைத் தொங்கவிட்டு, பாத்திரத்தின் அடியைத் தொடாமல் தண்ணீரில் மூழ்கவைத்து, பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டரையும் விட்டு அடுப்பைச் சின்னதாக எரியவிட வேண்டும். வால்வு திறக்கத் தொடங்கும் அந்த நொடியில் நூல் விடுபட்டு வால்வு ‘டொக்’கென்று அடியில் விழும். விழும்போது தெர்மாமீட்டர் என்ன காட்டுகிறதோ அதுதான் திறக்கும் வெப்பம். புதியது 83-ல் விழுந்தது. தண்ணீர் கொதிக்கும்போது முழுதாகத் திறந்து நின்றது, ஆறவிட்டபோது இடுக்கில்லாமல் மூடிக்கொண்டது. பழையதில் நூல் நிற்கவே இல்லை. சமையல் பாத்திரத்தை இதற்கு எடுக்காதீர்கள். கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைகால் விஷம். அது இனிப்பாக இருப்பதால் தரையில் சிந்தினால் நாய்கள் நக்கிவிடும், உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள்.

இனி, மாற்றங்கள். ஹவுசிங் திறந்து கிடக்கும்போதுதான் எல்லோருக்கும் யோசனைகள் வரும். எனக்கும் வந்தது, சுற்றி நின்றவர்களும் ஆளுக்கொன்று சொன்னார்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரே ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் போதும். இன்ஜின் வெப்பத்துக்கு தெர்மோஸ்டாட் தரை, ரேடியேட்டர் கூரை. இதற்குக் கீழே இறங்காதே என்பது மட்டும்தான் தெர்மோஸ்டாட்டின் வேலை. இதற்கு மேலே ஏறாதே என்பது ரேடியேட்டர், ஃபேன், வாட்டர் பம்ப், மூடி, கூலன்ட் ஐந்தும் சேர்ந்து பார்க்கும் வேலை. 95 டிகிரியில் நல்ல வால்வு முழுதாகத் திறந்துவிட்டது. அதற்கு மேல் வண்டி சூடேறினால் வால்வைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

முதல் யோசனை, வால்வே இல்லாமல் ஓட்டுவது. வண்டி 40 டிகிரி வெயிலில் நின்றாலும் இன்ஜினுக்கு வேண்டிய வெப்பத்துக்கு இன்னும் 40 டிகிரிக்கு மேல் ஏற வேண்டியிருக்கிறது. அந்த ஏற்றம் நடக்கும் வரை இன்ஜின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாகவே ஊற்றும். குளிர்ந்த சிலிண்டர் சுவரில் படியும் பெட்ரோல் ஆயிலில் இறங்கி ஆயிலை நீர்க்கவைக்கும். ஆயிலில் சேரும் ஈரம் ஆவியாகி வெளியேற சூடு போதாமல் உள்ளேயே தங்கும். ஆயில் மூடியின் அடியில் பால் ஆடை மாதிரி படிந்திருந்தால் அதற்கு ஒரு காரணம் இதுவாக இருக்கலாம். அதுவே ஹெட் கேஸ்கெட் போனதன் அடையாளமாகவும் இருக்கும், ஆகவே கூலன்ட் குறைகிறதா என்றும் பார்க்க வேண்டும். ஜில்லென்று ஓடும் இன்ஜின் சுகமாக ஓடவில்லை, தேய்ந்துகொண்டு ஓடுகிறது.

இன்னொரு சிக்கல் பலருக்குத் தெரியாது. பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டின் பின்பக்கம் இரண்டாவது தட்டு ஒன்று இருக்கும். முன்கதவு திறக்கத் திறக்க அது பைபாஸ் வழியை அடைக்கும். கழற்றிவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான கூலன்ட்டில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கம் போகாமலேயே இன்ஜினுக்குத் திரும்பிவிடும். சாதாரணமாக ஓட்டும்போது வண்டி குளிர்ந்தே கிடக்கும், கல்லாறு தாண்டிக் குன்னூர் ஏற்றத்தில் ஏசியோடு ஏறும்போது ஹீட் ஆகும். ‘வால்வே இல்லை, அப்படியும் ஹீட் ஆகுதே’ என்று ரேடியேட்டரை மாற்றி, பம்பை மாற்றிச் செலவழித்தவர்களை எனக்குத் தெரியும். இதற்கு ‘தண்ணீர் ரேடியேட்டரில் ரொம்ப வேகமாக ஓடுவதால் ஆற நேரமில்லை’ என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். அது சரியில்லை. ஓட்டம் கூடினால் ரேடியேட்டர் வெளியேற்றும் சூடும் கூடத்தான் செய்யும். பைபாஸ்தான் காரணம்.

இரண்டாவது, 82-க்குப் பதில் 76 டிகிரி வால்வு. கடைக்காரர் கொடுக்கத் தயாராக இருந்தார். அதனால் தரை ஆறு டிகிரி இறங்கும், கூரை அப்படியே இருக்கும். மலையேற்றத்தில் ஒரு பிரயோஜனமும் இல்லை, சமவெளியில் பெட்ரோல் போகும். பந்தய வண்டிகளில் இன்ஜினையும் கம்ப்யூட்டர் மேப்பையும் சேர்த்து மாற்றுபவர்கள் இதைச் செய்கிறார்கள், அவர்கள் கணக்கு வேறு. வீட்டு வண்டிக்குக் கம்பெனி அளவுதான்.

மூன்றாவது, வால்வின் தட்டில் 3 மில்லிமீட்டர் ஓட்டை போடுவது. இதை நான் ஒதுக்கிவிட மாட்டேன். கூலன்ட் நிரப்பும்போது வால்வுக்குப் பின்னால் காற்று மாட்டிக்கொள்ளும் வண்டிகள் உண்டு, அவற்றில் இது உதவும். ஆனால் என் வால்விலேயே அதற்கென்று ஆடும் சின்ன ஊசி ஒன்று இருக்கிறது. அந்த ஊசி மேல்பக்கம் வரும்படி மாட்டினால் காற்று தானாக வெளியேறும். ஊசியைக் கீழ்ப்பக்கம் வைத்து மாட்டிவிட்டு ஏர்லாக், ஏர்லாக் என்று அலைவதுதான் அதிகம் நடக்கிறது.

நான்காவது, ஃபேனை டைரக்ட் பண்ணுவது. இக்னிஷன் போட்டதும் ஓடும்படி ஒயரை இழுத்துவிடுவது. இதைக் கண்டிப்பாக வேண்டாம் என்கிறேன். ரிலே போயிருந்தால் ரிலேயை மாற்றுங்கள், சென்சார் போயிருந்தால் சென்சாரை மாற்றுங்கள். டைரக்ட் பண்ணிய ஒயரில் பல இடங்களில் ஃபியூஸ் கூட போடுவதில்லை, அது தீப்பிடிக்கிற வேலை.

கூரையைப் பலப்படுத்துவதில்தான் நம் ஊரில் பணம் போட வேண்டும். கணக்கு எளிது. கூலன்ட் 95 டிகிரியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 டிகிரி குளிர் உள்ள ஊரில் காற்றுக்கும் கூலன்ட்டுக்கும் 85 டிகிரி வித்தியாசம். நம் ஏப்ரல் வெயிலில் 40 டிகிரி என்றால் 55 தான். அதே ரேடியேட்டர் இங்கே மூன்றில் இரண்டு பங்கு வேலைதான் பார்க்க முடிகிறது. அதில் பாதித் தகடுகளில் மண்ணும் பூச்சியும் அடைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். அதனால் பெரிய ரேடியேட்டர் பற்றி யோசிப்பதற்கு முன் இருக்கிற ரேடியேட்டரையும் அதன் முன்னால் இருக்கும் ஏசி கண்டென்சரையும் சுத்தம் செய்யச் சொன்னேன். இன்ஜின் பக்கமிருந்து வெளியே தள்ளும்படி, மெதுவான தண்ணீரில். வாட்டர் சர்வீஸ் கன்னைக் கிட்டத்தில் பிடித்து அடித்தால் தகடுகள் மடங்கிவிடும். இரண்டுக்கும் நடுவிலிருந்து வந்த குப்பையைப் பார்த்தபின் பெரிய ரேடியேட்டர் எண்ணம் போய்விட்டது. மூடியும் புதிது போட்டோம். அதன் ரப்பர் தளர்ந்தால் அழுத்தம் நிற்காது. 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், மலைக்குப் போகும் வண்டியில் மூடியை அலட்சியம் செய்யக் கூடாது.

கூலன்ட்டுக்கு, கலந்தே வரும் ரெடிமேட் கேனை வாங்கினேன். கான்சன்ட்ரேட் வாங்குபவர்கள் டிஸ்டில்டு வாட்டரில்தான் கலக்க வேண்டும். போர் தண்ணீரில் கலந்தால் பழைய கதைதான். ‘நம்மூரில் என்ன பனியா உறையப்போகுது, கூலன்ட் எதற்கு?’ என்று கேட்பவர்களுக்கு: உறையாமல் இருப்பது அதன் ஒரு குணம்தான். துருப்பிடிக்காமல் காப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும்தான் நமக்கு வேண்டியவை.

நான் செய்துகொண்ட ஒரே உண்மையான மாற்றம் ஒரு டெம்பரேச்சர் மீட்டர். ஹோஸுக்கு நடுவில் அடாப்டர் வைத்து, தனி சென்சாரோடு. சிவப்பு விளக்கு எரியும்போது ஏற்கெனவே தாமதமாகிவிட்டது என்பதே என் எண்ணம். 98-லிருந்து 104-க்கு ஏறுவதைப் பார்த்தால் ஏசியை அணைக்கலாம், கியரைக் குறைத்து இன்ஜினையும் பம்பையும் கொஞ்சம் வேகமாகச் சுற்றவிடலாம், ஹீட்டரை முழுதாகப் போட்டு அதையும் ஒரு சின்ன ரேடியேட்டராக ஆக்கலாம். ஒரு எச்சரிக்கை: கூலன்ட் ஒழுகிக் காலியாகிவிட்டால் சென்சார் வெறும் ஆவியில் நின்று குறைவான எண்ணைக் காட்டக்கூடும். ஓட்டத்தின் நடுவில் காரணமில்லாமல் எண் திடீரென்று விழுந்தால் சந்தோஷப்படாமல் வண்டியை நிறுத்துங்கள்.

வால்வு மாற்றி, காற்று போக்கி, ஃபேன் ஓடி நின்றபின் கூலன்ட் அளவு பார்த்து, ஆயிலையும் கையோடு மாற்றினேன். அத்தனை காலம் குளிரிலேயே ஓடிய ஆயிலில் பெட்ரோல் கலந்திருக்கும். இப்போது நீலம்பூர் பைபாஸில் வேகம் 60 ஆனாலும் 90 ஆனாலும் எண் 86, 87-ஐ விட்டு நகர்வதில்லை. ஊருக்குள் மைலேஜ் பழையபடி 15-ஐத் தொட்டுவிட்டது.

டீசல் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2020 ஏப்ரல் முதல் வந்த பிஎஸ்6 டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் இருக்கிறது. சேர்ந்த கரியை வண்டி அவ்வப்போது தானே எரித்துக்கொள்ளும், ஆனால் அதற்கு இன்ஜின் போதுமான சூட்டில் இருக்க வேண்டும். தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டால் பல வண்டிகளில் எரிப்பு தொடங்காது, கரி அடைத்துக்கொள்ளும். டிபிஎஃப் மாற்றும் செலவை விசாரித்துப் பாருங்கள், வால்வின் விலை அதன் முன்னால் ஒன்றுமே இல்லை.

பழைய கார் வாங்கியிருந்தால், முந்தைய ஓனர் வால்வைக் கழற்றியிருக்கிறாரா என்று பார்த்துவிடுவது நல்லது. காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து இரண்டு நிமிடத்தில் ரேடியேட்டரின் இரண்டு ஹோஸையும் தொட்டுப் பாருங்கள். ஃபேன் பக்கம் கை போகாமல் கவனம். இரண்டும் சேர்ந்தே மெல்லச் சூடேறிக்கொண்டு வந்தால் உள்ளே கதவு இல்லை, அல்லது சாத்தவில்லை. திரும்ப மாட்டும்போது உங்கள் இன்ஜின் நம்பருக்கான வால்வையே கேளுங்கள், இரண்டாவது தட்டு உள்ள இன்ஜினுக்கு அது இல்லாத வால்வைக் கொடுத்துவிடுவார்கள். புதுப்பேட்டையில் பழையது மலிவாகக் கிடைக்கும்தான், இந்த ஒரு பாகத்தை மட்டும் பழையதாக வாங்காதீர்கள். ரப்பர் வளையமும் புதிது போடச் சொல்லுங்கள், ஹவுசிங் பிளாஸ்டிக்காக இருந்தால் போல்ட்டை அளவோடு இறுக்கச் சொல்லுங்கள், முதல் வாரம் தினமும் காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது டேங்கில் கூலன்ட் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.